ஆறா? பதினேழா?

ஆறா? பதினேழா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் துப்பாக்கிக் கடையின் படியேறும் குடிமகன் முன் வைக்கப்படும் வினா இது. ஆறு குண்டு போதுமென்றால் ரிவால்வர். பதினேழு வேண்டுமென்றால் பிஸ்டல். போர்முனைக்குப் புறப்படும் வீரனிடம் கேட்கப்படும் வினாவன்று இது. காய்கறி வாங்கப் போகிறவனிடம், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவரப் போகிறவளிடம், ஞாயிறன்று மாதா கோயிலுக்குப் போகும் முதியவரிடம் கேட்கப்படும் வினா! கைக்குட்டையோடும் பணப்பையோடும் சாவிக்கொத்தோடும் சேர்த்து அன்றாடம் இடுப்பில் செருகிக்கொள்ள ஏற்ற கொலைக்கருவி இரண்டில் எது? கைதேர்ந்தவர்கள் கணக்கிடுகின்றனர், கற்றவர்கள் வாதிடுகின்றனர், இதற்கென்றே ஏடுகளும் நடக்கின்றன.

எங்கோ நடக்கும் இவ்வழக்கு நமக்கெதற்கு என்று ஒதுங்கிவிடலாம். ஆனால், இவ்வழக்கு நடைபெறும் முறை நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. அங்கே ஆண்டவன் பெயரில்லை, சாத்திரச் சான்றில்லை. அளவு உண்டு, எடை உண்டு, சோதனை உண்டு, புள்ளிவிவரம் உண்டு. பகுத்தறிவின் உடை முழுவதையும் உடுத்திக்கொண்டு அவ்விவாதம் வருகிறது. உடைக்குள்ளே இருப்பதும் பகுத்தறிவுதானா? பகுத்தறிவைப் பேசுகின்ற நாம் ஆராய வேண்டிய வினா இது.

முதலில் இரு தரப்பாரின் வாதத்தையும் நேர்மையோடு கேட்போம்.

ரிவால்வர் மூத்தது. 1836இல் சாமுவேல் கோல்ட் என்பவர் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளை. விசையை இழுக்க இழுக்க உருளை சுழன்று, ஒவ்வொரு தோட்டாவாகக் குழலுக்கு நேரே வந்து நிற்கும். ஒரு தோட்டா வெடிக்கத் தவறினாலும் கவலையில்லை, மறுமுறை விசையை இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும். எளிய கருவி, நாட்பட வைத்திருந்தாலும் நம்பத்தக்கது என்பர் அதன் அன்பர்கள். அதன் விசை நீளமாகவும் கனமாகவும் இழுபடும். ஆகவே கை தவறி வெடிப்பது அரிது என்றும் சொல்வர். குறையென்ன? குண்டுகள் சில, மறுபடி நிரப்ப நேரமாகும்.

பிஸ்டல் இளையது. ஒரு குண்டு வெடிக்கும்போது எழுகின்ற பின்னுதைப்பையே வேலைக்காரனாக்கிக் கொள்கிறது அது. அந்த விசையால் மேற்பகுதி பின்னே நகர்கிறது. வெற்றுக்கூடு வெளியே தெறிக்கிறது. அடிச்சுருள் அடுத்த தோட்டாவை மேலே தள்ளுகிறது. ஜான் பிரௌனிங் அமைத்த பிஸ்டலை 1911இல் அமெரிக்கப் படை ஏற்றது. 1982இல் ஆஸ்திரியப் படை ஏற்ற கிளாக் பிஸ்டலோ பதினேழு தோட்டாக்களைத் தன் கைப்பிடிக்குள்ளேயே அடக்கிக்கொண்டது. தட்டையான உருவம், மென்மையான விசை, விரைந்து நிரப்பும் வசதி ஆகியவை அதன் சிறப்பு. சிக்கிக்கொண்டால் சரிசெய்யப் பயிற்சி வேண்டும் என்பது ஒரு குறை. தோட்டாக்கூட்டை உருவி எடுத்துவிட்ட பின்னும் குழலின் அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும் என்பது மற்றொன்று. காலி என்று நம்பி விசையைத் தொட்ட விரல்கள் செய்த கொலைகள் பல.

1986 ஏப்ரலில் மியாமி நகரில், வங்கிக் கொள்ளையர் இருவரை எட்டு மத்தியப் புலனாய்வுக் காவலர்கள் எதிர்த்தனர். காவலர் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். காவலர் பலர் கையில் இருந்தது ரிவால்வர். “பார்த்தீர்களா, ஆறு போதாது!” என்ற குரல் எழுந்தது, அத்துறை பிஸ்டலுக்கு மாறியது. ஆனால், கொள்ளையர் கையிலிருந்த கொடுங்கருவி ரைஃபிள் என்பதும், இறுதியில் அக்கொள்ளையரை வீழ்த்தியது ஒரு காவலரின் ரிவால்வரே என்பதும் அதே நிகழ்ச்சியின் மறுபக்கங்கள். ஒரே சான்றை இரு கட்சியாரும் தத்தம் பக்கம் இழுக்க முடிகிறது!

காஞ்சியில் வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று வழக்கு மன்றம் ஏறியவர்களை நாம் அறிவோம். கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவது என்பதற்கும் வாதம், பிரதிவாதம், சான்று, சாட்சியம் எல்லாம் இருந்தனவாம். ஒரேயொரு கேள்வி மட்டும் அங்கே எழவில்லை: யானைக்கு நாமம் எதற்கு?

துப்பாக்கிக் கடையிலும் அதுவேதான் நடக்கிறது. எது சிறந்தது என்ற வினாவுக்கு ஆயிரம் நாக்குகள். ஏன் வேண்டும் என்ற வினாவுக்கு ஒரு நாக்குமில்லை. இல்லை என்பதோடு நில்லாமல், கேட்கலாகாது என்று தீர்ப்பே பிறந்துவிட்டது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வேண்டுவோன், பொதுமக்கள் எல்லோருக்கும் உள்ள அச்சத்துக்கு மேலாகத் தனக்கென்று தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் நெடுங்காலம் விதித்திருந்தது. 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லாதென்றது. இன்று அந்நாட்டு மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் உரிமமே தேவையில்லை. “ஏன்?” என்ற சொல் சட்டப் புத்தகத்திலிருந்தே துரத்தப்பட்டுவிட்டது.

ஏன் என்று கேட்பது நம் பழக்கம். கேட்டுப் பார்ப்போம்.

“உயிர்க் காப்புக்காக” என்பர். நன்று, உயிர்க்காப்பு உயர்ந்த நோக்கம். அந்நோக்கத்தை அக்கருவி நிறைவேற்றுகிறதா? 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர் என்று அரசின் கணக்கு கூறுகிறது. அவருள் பிறரால் கொலையுண்டோர் 20,958. தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோர் 26,328. பாதிக்கும் மேற்பட்ட சாவுகளில், எந்தக் கள்வனும் கதவை உடைக்கவில்லை. எந்தப் பகைவனும் இருளில் ஒளிந்திருக்கவில்லை. காக்க வந்த கருவி, காவல் கேட்டவனையே தின்றது!

கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி உடைய ஆண்கள் துப்பாக்கியால் உயிர் மாய்த்துக்கொள்வது, அது இல்லாத ஆண்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களிடையே முப்பத்தைந்து மடங்கு. சாக எண்ணியவர்களே வாங்கியிருக்கலாமே என்று ஐயுறலாம். ஐயம் அறிவுக்கு அழகு. ஆனால், அச்சாவுகளில் பாதிக்கு மேற்பட்டவை கருவி வாங்கி ஓராண்டு கடந்த பின்னரே நிகழ்ந்தன. துயர் மிகுந்த ஒரு நாழிகை எவருக்கும் வரும்; கடந்தும் போகும். அந்த நாழிகையில் கைக்கெட்டும் தொலைவில் என்ன இருக்கிறது என்பதே வாழ்வையும் சாவையும் பிரிக்கிறது.

சுடும் திறமையேனும் துணை நிற்குமா? நியூயார்க் நகரக் காவலர்கள் பயிற்சி பெற்றவர்கள். 1998 முதல் 2006 வரை, எதிரியும் சுட்ட மோதல்களில் அவர்கள் சுட்ட குண்டுகளில் நூற்றுக்கு 18 மட்டுமே இலக்கைத் தொட்டன என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. எஞ்சிய குண்டுகள் காற்றில் கரைந்துவிடுவதில்லை. சுவரிலோ, சன்னலிலோ, வழிப்போக்கன் மார்பிலோதான் போய்த் தங்கும். காவலர் நிலை இதுவென்றால், காய்கறிக் கூடையோடு நடப்பவர் நிலை என்ன?

ஆறா பதினேழா என்ற வாதத்தில் புகழப்படும் ஒவ்வொரு சிறப்பையும் புரட்டிப் பாருங்கள். “விசை மென்மையானது” என்கின்றனர். யாருடைய விரலுக்கு? 2014 டிசம்பரில், ஐடாகோ மாநிலத்துக் கடையொன்றில், உரிமம் பெற்ற ஒரு தாயின் கைப்பைக்குள் இரண்டு வயதுக் குழந்தையின் கை நுழைந்தது. துப்பாக்கி வெடித்தது, தாய் மாண்டாள். பகைவன் வரும்வரை பொறுத்திருக்கத் துப்பாக்கிக்குத் தெரியாது. கை எவருடையது என்று கேட்கவும் தெரியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டும் என்று எவரேனும் நம்மை நெருக்கினால், எளிதில் வெடிக்காதது எதுவோ அதுவே மேல் என்போம். அந்த அளவுகோலை இறுதிவரை நீட்டிப் பாருங்கள். வெடிக்கவே வெடிக்காத வெறுங்கையில் போய் நிற்கும்!

கருவியின் வகை வரலாற்றை மாற்றியதுண்டா? 1948 ஜனவரி 30இல் டில்லியில் காந்தியாரின் உயிரைக் குடித்தது பிஸ்டல். 1968இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இராபர்ட் கென்னடியின் உயிரைக் குடித்தது ரிவால்வர். மக்கள் வடித்த கண்ணீரில் வேறுபாடு இல்லை.

இனி, கணக்கைவிட ஆழமான இடத்துக்கு வருவோம். நாள்தோறும் காலையில் உடுத்தும்போதே ஒருவன் துப்பாக்கியையும் அணிகிறான் என்றால், அவன் அணிவது இரும்பை மட்டுமன்று. “இன்று நான் ஒருவனைக் கொல்ல நேரலாம், அதற்கு ஆயத்தமாய் இருக்கிறேன்” என்ற முடிவையும் அணிகிறான். எதிரே வரும் முகங்களை அவன் நோக்கும் நோக்கே மாறிவிடும். புதியவன் விருந்தினன் அல்லன், ஐயத்துக்குரியவன்! தாயத்துக் கட்டியவனுக்குத் திரும்பிய பக்கமெல்லாம் பேய் தெரிவது போல, துப்பாக்கி கட்டியவனுக்குத் திரும்பிய பக்கமெல்லாம் பகைவன் தெரிகிறான். அச்சத்தை ஒழிக்கவில்லை அத்தாயத்து. அச்சத்துக்கு அன்றாடப் படையல் இடுகிறது.

அந்த அச்சம் எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கிறதா? அடிமை முறை ஒழிந்த 1865இலேயே, உரிமமின்றிக் கறுப்பர் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று மிசிசிப்பி மாநிலம் சட்டம் செய்தது. 1956இல் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டார் அவர், மறுக்கப்பட்டது. அவருக்கே தகுந்த காரணம் இல்லையென்றால் உலகில் எவருக்கு இருந்தது? 2016இல் மினசோட்டாவில் காரை மறித்த காவலரிடம், தன்னிடம் உரிமத்தோடு கூடிய துப்பாக்கி இருப்பதாகப் பணிவோடு சொன்னார் ஒரு கறுப்பர். சுட்டுக் கொல்லப்பட்டார். காவலர் விடுதலையானார். வருணம் பார்த்து வாய்ப்பது உரிமையன்று, சலுகை. மனு நீதிக்கு எதிராக நின்ற நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

“அப்படியானால், ஒடுக்கப்பட்டவன்தான் ஆயுதம் ஏந்த வேண்டும்” என்று தோழர் ஒருவர் குறுக்கிடக்கூடும். எள்ளி நகையாடத்தக்க வாதமன்று அது. 1892இல், தம் நண்பர் மூவர் வெறிக் கும்பலால் கொல்லப்பட்டதைக் கண்ட ஐடா வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர், கறுப்பர் இல்லந்தோறும் ரைஃபிளுக்கு இடம் வேண்டும் என்று எழுதினார். சட்டம் கைவிட்டவன் தன் வாயிற்படியில் நின்று தன்னைக் காத்துக்கொள்வதைக் குற்றமென்று சொல்ல நமக்கு நாவெழாது. ஆயினும் ஒன்றைக் கூற வேண்டும். அது நோயாளியின் கடைசி மருந்து. நாட்டின் அன்றாட உணவாகாது. நீதி வழங்க வேண்டிய அரசு, “இதோ துப்பாக்கி, உன்பாடு” என்று கைகழுவிக் கொள்ளுமானால், அது உரிமை வழங்கிய அரசன்று. கடமையைத் துறந்த அரசு. தனித்தனியே ஆயுதம் ஏந்தும் போட்டியில் வெல்பவன் எவன்? பணம் படைத்தவன், படை படைத்தவன், காவலரும் நீதிமன்றமும் யார் பக்கமோ அவன். ஒடுக்கப்பட்டவனின் வலிமை ஒன்றுகூடுவதில் இருக்கிறது, இடுப்பில் இல்லை. மறுக்கப்பட்ட உரிமத்துக்குப் பின், தம் வீட்டில் இருந்த துப்பாக்கியையும் கைவிட்டார் கிங். மாண்ட்கமரி நகரின் பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை வீழ்த்தியது, ஓராண்டுக்கு மேல் நடந்தே சென்ற மக்களின் கால்கள். “அவரும் 1968இல் சுடப்பட்டுத்தானே இறந்தார்” என்பீர்கள். ஆம், தொலைவில் மறைந்திருந்தவனின் ரைஃபிளால். அன்று அவர் சட்டைப்பையில் ஆறு குண்டோ பதினேழு குண்டோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிராது.

வினாவை மாற்றிக் கேட்ட நாடு ஒன்று உண்டு. 1996 மார்ச் 13. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குள் ஒருவன் நுழைந்து, பதினாறு குழந்தைகளையும் அவர்தம் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவனிடம் இருந்தவை நான்கு கைத்துப்பாக்கிகள். இரண்டு பிஸ்டல்; இரண்டு ரிவால்வர். நான்கும் சட்டப்படி உரிமம் பெற்றவை! எது சிறந்தது என்ற ஐயமே அவனுக்கு எழவில்லை. இரண்டையும் எடுத்து வந்தான். பிள்ளையை இழந்த பெற்றோர், எந்த வகையைத் தடுக்கலாம் என்று கேட்கவில்லை. இது மக்கள் கையில் எதற்கு என்று கேட்டனர். கையொப்பம் திரட்டினர், நாடெங்கும் குரல் எழுப்பினர். 1997இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களால் ஏறத்தாழ எல்லாக் கைத்துப்பாக்கிகளையும் தனியார் கையிலிருந்து விலக்கியது. கண்ணீர் கேள்வியாயிற்று, கேள்வி சட்டமாயிற்று.

இளைஞர்களே! துப்பாக்கிக் கடை நம் தெருவில் இல்லாதிருக்கலாம். ஆனால், “இதுவா, அதுவா?” என்று கேட்டு நம்மை மயக்கும் கடைகள் நம் தெருவிலும் உண்டு. எந்தச் சோதிடர் துல்லியமாகச் சொல்வார்? எந்தச் சாமியார் மெய்யானவர்? வரதட்சணை நகையாகவா, ரொக்கமாகவா? இவ்வினாக்களுக்கு எவ்வளவு திறமையாக விடையளித்தாலும், விடையளிப்பவன் தோற்றவனே. வழியைத் துல்லியமாக அளந்துவிட்டு, சேருமிடத்தைக் கேளாமல் நடப்பவனைக் கெட்டிக்காரன் எனலாம், பகுத்தறிவாளன் எனலாகாது.

ஆறா, பதினேழா என்று எவரேனும் நம்மைக் கேட்கட்டும். எதற்கு என்று திருப்பிக் கேட்போம். அதற்கு விடை சொல்லிவிட்டு, பிறகு எண்ணிக்கைக்கு வரட்டும்.