கலம் யாருடையது?

யாழ்ப்பாண நகரை விட்டுப் பண்ணைத் தாம்போதி வழியே தீவகம் நோக்கிச் செல்பவர் முதலில் எதிர்ப்படும் நிலம் மண்டைதீவு. சுற்றிலும் ஆழமற்ற பரவைக் கடல். தண்ணீரில் நிரையாகத் தடி ஊன்றி வலை கட்டிய களங்கட்டிகள். கரையோரம் நீலமும் வெள்ளையுமாகக் கண்ணாடியிழைப் படகுகள். அவற்றிடையே எங்கேனும் ஒரு பழைய மரவள்ளம் பக்கம் சாய்ந்து கிடப்பதையும், அதன் பலகை மூட்டுகள் வெயிலில் வாய் பிளந்திருப்பதையும் காண நேர்ந்தால், படித்தவர்களாகிய நாம் ஒரு பெருமூச்சு விடுகிறோம். "நமது மரபு அழிகிறதே!" என்கிறோம். அதற்குள் பஸ் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது.

இந்தப் பெருமூச்சு நியாயமானதா? அழியும் தொழிலுக்காக வருந்தும் உரிமை யாருக்கு உண்டு? வருந்துவதோடு நமது கடமை தீர்ந்துவிடுகிறதா? மேலோட்டமாகப் பார்த்தால் இவை மென்மையான மனத்தின் கேள்விகள். ஆழ்ந்து நோக்கினால் இவை உழைப்பையும் அறிவையும் உடைமையையும் பற்றிய கேள்விகள்.

முதலில், அழிவது எது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம்.

கலம் கட்டுபவரை நமது கரையோர மக்கள் ஓடாவியார் என்றும் மேஸ்திரியார் என்றும் அழைத்தனர். அவருடைய வேலை மரத்தை அறுப்பதற்கு முன்பே, மரத்தைப் பார்ப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. கலத்தின் விலாவெலும்புகள் போன்ற வளைந்த சட்டங்களுக்கு வங்கு என்று பெயர். நேரான பலகையை வளைவாக அறுத்து வங்கு செய்தால், மரத்தின் நார் குறுக்கே அறுபட்டு, அலை அடிக்கும்போது அந்த இடத்திலேயே பிளந்துவிடும். ஆகவே வளைந்தே வளர்ந்த வேம்பின் கிளையையோ பூவரசின் கவட்டையோ தேடிப் பிடிக்க வேண்டும். நிற்கும் மரத்தில், இலைகளுக்கிடையே, இனிமேல் பிறக்கப்போகும் வள்ளத்தின் வங்கை அவர் காண்கிறார். பிறகு ஏரா என்னும் அடிமரத்தைக் கிடத்தி, முன்னணியத்தையும் பின்மரத்தையும் நிறுத்தி, வாய்ச்சியால் செதுக்கிய பலகைகளை ஒன்றோடொன்று பொருத்துகிறார். பலகை மூட்டுகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி அடைப்பது கலப்பற்று எனப்படும். திரியைக் குறைவாகத் திணித்தால் தண்ணீர் கசியும். மிகையாகத் திணித்தால், நீரில் ஊறிப் பருக்கும் பலகைக்கு இடமில்லாமல் மூட்டே தெறிக்கும். இவ்வளவுதான் என்று சொல்லும் அளவுகோல் கிடையாது. கை சொல்ல வேண்டும்.

இதனை நாம் என்ன பெயரிட்டு அழைத்தோம்? "கைவேலை" என்றோம். அலுவலக மேசைக்குப் பின்னால் அமர்ந்து அடுத்தவன் எழுதிய கடிதத்தைப் படியெடுத்தவனை அறிவாளி என்று மதித்த அதே சமுதாயம், கடலின் விசையைக் கண்ணால் அளந்தவனைச் சாதிப் பெயர் சொல்லி ஒதுக்கிவைத்தது. கடலில் போகிறவனையும் அவனுக்குக் கலம் செய்கிறவனையும் கோயில் வீதியிலும் பள்ளிக்கூட வாங்கிலும் தள்ளிவைத்த சமுதாயம், இன்று அந்தக் கலம் மறையும்போது "நமது மரபு" என்று உரிமை பாராட்டுகிறது. இந்த "நமது" என்ற சொல்லில் உள்ள பொய்யை முதலில் நாம் உணரவேண்டும்.

தீவகத்துக்கு வெளியே, குடாநாட்டின் வடகரையில் நிகழ்ந்த ஒரு செய்தி இதை விளக்கும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற பாய்மரக் கப்பலை, உலகைச் சுற்றிவந்த அமெரிக்க மாலுமி வில்லியம் அல்பேட் றொபின்சன் 1930களில் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதை ஓட்டிச் சென்றனர். 1938இல் அது அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அப்போது அதன் பெயர் அன்னபூரணி அன்று. வாங்கியவரின் மனைவி பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' ஆகியிருந்தது. வாங்கியவர் தம் விருப்பப்படி பெயர் சூட்டியதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை. ஆனால் சிந்திக்க வேண்டியது வேறு. தெய்வத்தின் பெயர் முதலில் இருந்தது. முதலாளியின் மனைவி பெயர் பின்னர் வந்தது. வங்கு தேடி மரம் மரமாக அலைந்தவரின் பெயரை அணியத்தில் எழுதலாம் என்ற எண்ணம் இரண்டு காலத்திலும் எவருக்கும் தோன்றவில்லை. நாம் இன்றும் அந்தக் கப்பலைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பெருமை இனத்துக்குப் போயிற்று. கூலி மட்டுமே கைக்குப் போயிற்று.

நிற்க. பெருமூச்சு விடுகிறவரின் மற்றொரு தவறையும் பார்ப்போம். அவர் மீனவனைப் பார்த்து, "ஏன் மரத்தைக் கைவிட்டாய்?" என்று கேளாமல் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு மீனவனிடம் தெளிவான விடை உண்டு. மரவள்ளம் பாரமானது, கரையேற்றப் பலர் தோள் கொடுக்க வேண்டும். கடற்புழு அதைத் துளைக்கும். ஆகையால் அடிக்கடி கரையேற்றிக் காயவைத்து, எண்ணெயோ தாரோ பூச வேண்டும். காயும் நாட்களில் தொழில் இல்லை; தொழில் இல்லாத நாளில் அடுப்பு எரிவதில்லை. கண்ணாடியிழைப் படகோ இலகுவானது, புழு தீண்டாது, ஆண்டுதோறும் கலப்பற்று வேண்டியதில்லை. சின்னத் தீவுகளில் பெருமரங்கள் ஏது? பலகைக்கு அயலிடத்தையே நம்ப வேண்டியிருந்தது. இந்த நிலையில் மீனவன் புதியதைத் தேர்ந்தது அறிவுடைமை. நமது கண்ணுக்கு அழகாக இருப்பதற்காக இன்னொருவன் முதுகு ஒடிய வேண்டும் என்று விரும்புவது கலையுணர்வு ஆகாது. அது சுரண்டலின் ஒரு நாகரிக வடிவமே.

மரத்தால் செய்ததெல்லாம் நல்லது என்ற எண்ணமும் பிழையானது. இராமேஸ்வரம் முதலிய தமிழக, புதுச்சேரித் துறைகளிலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து வந்து, நெடுந்தீவுக் கடலில் அடித்தளத்தையே வாரிச் செல்லும் இழுவைப் படகுகளுள் பல மரத்தால் கட்டப்பட்டவை. அவற்றையும் தச்சர்களே கட்டினர்; அங்கும் வங்கும் கலப்பற்றும் உண்டு. ஆயினும் அவை சிறு மீனவனின் வலையை அறுத்து, மீன்குஞ்சுகளையும் வாரிக்கொண்டு போகின்றன. இலங்கை 2017இல் இத்தகைய இழுவைத் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆகவே அறம் கலத்தின் பொருளில் இல்லை. அந்தக் கலம் யாருடைய கையில், யாருடைய நலனுக்காக ஓடுகிறது என்பதில்தான் இருக்கிறது. அந்த இழுவைப் படகில் கூலிக்கு வந்து சிறைபிடிக்கப்படுபவனும் ஓர் ஏழைத் தமிழ்த் தொழிலாளியே. படகின் சொந்தக்காரனோ பெரும்பாலும் கரையிலேயே இருக்கிறான் என்பதையும் மறக்கலாகாது.

அப்படியானால் மரவள்ளத்தோடு உண்மையில் இழக்கப்பட்டது எது?

மரவள்ளம் உடைந்தால் அதனைத் திருத்தும் அறிவு ஊருக்குள்ளேயே இருந்தது. ஓடாவியார் நாலு வீடு தள்ளி வாழ்ந்தார். மீனவன் அவரோடு வாதாடலாம்: "அணியம் இன்னும் சற்று உயரட்டும், வாடைக் காற்றுக்கு இது காணாது" என்று சொல்லலாம். தன் கருவியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு இருந்தது. இன்று பிசினும் கண்ணாடியிழையும் கடல் கடந்து வருகின்றன. இயந்திரம் யப்பானிலிருந்து வருகிறது. எரிபொருளின் விலையைக் கொழும்பு நிர்ணயிக்கிறது. ஆக்குகிறவனாகவும் ஆக்குவிப்பவனாகவும் இருந்தவன் வெறும் வாடிக்கையாளன் ஆனான்.

இது வெறும் தத்துவம் அன்று. 1990க்குப் பின் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டு எரிபொருள் மறுக்கப்பட்டபோது, இயந்திரம் இருந்தும் இல்லாததே ஆயிற்று. போர் ஓய்ந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு உயர்த்தப்பட்டபோது, வெளியிணை இயந்திரத்தை நம்பிய படகுகள் வடக்கிலும் தெற்கிலும் கரையில் முடங்கின. தமிழ் மீனவனும் சிங்கள மீனவனும் அன்று ஒரே வரிசையில் வெறுங் கலனோடு நின்றார்கள். தன் கருவியின்மேல் அதிகாரம் இழந்தவனுக்கு மொழி ஏது, மதம் ஏது?

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியிழைப் படகு ஓர் அச்சிலிருந்து பிறக்கிறது. அந்த அச்சை எடுப்பதற்கு முதலில் ஒரு மாதிரி உடல் வேண்டும். அது பெரும்பாலும் மரத்தில், தச்சன் கையால் செதுக்கப்படுவது. இந்தக் கடலுக்கு அடிப்பகுதி எவ்வளவு தட்டையாக இருக்கவேண்டும், அணியம் எந்தச் சாய்வில் எழவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்ற அறிவெல்லாம் அந்த ஒரு மாதிரிக்குள் இறங்குகிறது. பிறகு அதே வடிவம் நூறு படகுகளாகப் பெருகுகிறது. தச்சனுக்கு ஒரு முறை கூலி. அச்சின் சொந்தக்காரனுக்கு நூறு முறை இலாபம். ஆக, மரவள்ளம் அழிந்துவிட்டது என்று சொல்வதுகூட முழு உண்மை அன்று. அது புதிய படகின் உடலுக்குள் பெயரின்றி, பங்கின்றி வாழ்கிறது. அந்தத் தச்சன்தானும் அந்த வடிவத்தைத் தனியே படைத்தவன் அல்லன். அவன் தந்தையும், கடலில் மாண்ட எத்தனையோ மீனவரும் அதைப் படைத்தனர். பொதுவில் பிறந்த அறிவின் பலன் தனியொருவனின் பெட்டிக்குப் போவதே இங்குள்ள அநீதி.

புதுமை வேறு வழியிலும் வரமுடியும் என்பதற்குத் தீவகத்திலேயே ஒரு சான்று உண்டு. 1960களின் பிற்பகுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வே சென்றிருந்த அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியாலும் நோர்வே மக்களின் உதவியாலும் காரைநகரில் சீநோர் நிறுவனம் உருவாயிற்று. அங்கே படகுத்துறை எழுந்தது. உள்ளூர் இளைஞர் கண்ணாடியிழைப் படகு கட்டும் தொழிலைக் கற்றனர். குருநகரில் வலைத் தொழிற்சாலை ஏற்பட்டது. பொருள் புதியது, ஆனால் செய்யும் கை அந்த மண்ணின் கையாகவே இருந்தது. அதே நோர்வேயின் துணையோடு 1950களில் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய திட்டமோ வேறு திசையில் போயிற்று. சிறு மீனவரை உயர்த்த வந்த அத்திட்டத்தின் பின்னே, இறால் ஏற்றுமதியின் இலாபத்தை முகர்ந்த முதல் படைத்தோர் இழுவைப் படகுகளோடு கடலில் இறங்கினர், கட்டுமரக்காரன் பின்தள்ளப்பட்டான். இயந்திரம் ஒன்றே, விளைவு இரண்டு. உடைமை எங்கே இருக்கிறது என்பதே வேறுபாடு.

காரைநகர் முயற்சியைப் போர் நிலைகுலைத்தது. போர் நிலைகுலைத்தது அதனை மட்டுமா? 1986 யூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலில், குருநகரிலிருந்து தொழிலுக்குச் சென்ற முப்பதுக்கு மேற்பட்ட மீனவர்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். 1990 ஓகஸ்டில் படையினர் தீவுகளில் இறங்கியபோது மண்டைதீவில் இளைஞர் பலர் பிடித்துச் செல்லப்பட்டு மீளவேயில்லை; மக்கள் ஊரை விட்டு ஓடினர். தந்தையின் பக்கத்தில் நின்று வாய்ச்சி பிடிக்க வேண்டிய பையன் அகதி முகாமில் நின்றான்; அல்லது கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனான்; அல்லது மண்ணுக்குள் போனான். எழுதி வைக்கப்படாத அறிவு கையிலிருந்து கைக்கு மாறுவது. நடுவில் ஒரு தலைமுறையின் கை வெட்டுண்டால் அந்த அறிவு அங்கேயே நின்றுவிடும். எனவே மரவள்ளத்தின் மறைவுக்குக் கண்ணாடியிழை மட்டுமே காரணம் என்று எழுதுவது, கொன்றவர்களைத் தப்பவிடுவதாகும்.

இனி நாம் செய்யத்தக்கது என்ன? ஒரு வள்ளத்தை நூதனசாலையில் நிறுத்தி, அதன்மேல் தூசு படியவிடுவது கடனைத் தீர்த்ததாகாது. மீனவனைப் பழைய வள்ளத்துக்குத் திரும்பு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. கரையோர ஊர்தோறும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. படகுத்துறையும் அச்சும் பழுதுபார்க்கும் பட்டறையும் அச்சங்கங்களுக்கு உரியனவாக வேண்டும். எஞ்சியிருக்கும் முதிய ஓடாவியாரை அந்தப் பட்டறையின் ஆசிரியராக, ஆசிரியருக்குரிய சம்பளத்தோடு அமர்த்த வேண்டும். மரத்திலும் கண்ணாடியிழையிலும் இரண்டிலும் கைதேர்ந்த இளைஞர் அங்கிருந்து வரவேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. வகுப்பில் வளைகோட்டின் கணிதத்தைக் கற்பிக்கும்போது, பின்வாங்கில் இருக்கும் மீனவச் சிறுவனைப் பார்த்து, "உன் அப்பப்பா வங்கை எப்படி வளைத்தார், கேட்டு வா" என்று நாம் ஒரு நாளாவது சொன்னதுண்டா? அந்தச் சிறுவன் கடலை விட்டு ஓடுவதற்காக மட்டுமே கல்வி என்று நாமும் சேர்ந்துதானே போதித்தோம்? அவன் வைத்தியனாகட்டும், பொறியியலாளனாகட்டும். அது அவன் உரிமை. ஆனால் தன் வீட்டிலிருந்தது அறியாமை என்று நம்பிக்கொண்டு அவன் வெளியேறுவானானால், அந்தக் குற்றம் நம்முடையது.

மண்டைதீவுக் கரையில் சாய்ந்து கிடக்கும் அந்த வள்ளம் உக்கி மண்ணாகும்; அதில் துயரப்பட எதுவும் இல்லை; மரத்தின் இயல்பு அது. அதன் அருகே நிற்கும் புதிய படகு யாருடையது, அதன் கடன் யாரிடம் இருக்கிறது, அது உடைந்தால் யார் திருத்துவார் என்று பஸ்ஸிலிருந்து இறங்கிக் கேட்போம். பெருமூச்சை அதன்பின் விடலாம்.