ஊர் கொடுத்த முதல்



"ஒருவர் தயவுமின்றி முன்னுக்கு வந்தேன்" என்று வியாபாரிகள் சிலர் சொல்வதுண்டு. அது எவ்வளவு தூரம் மெய்?

ஸ்பெயின் தேசத்தில் மொந்திராகோன் என்று ஓர் ஊர். உள்நாட்டு யுத்தத்தால் வறுமைப்பட்ட அவ்வூருக்கு 1941-ம் ஆண்டு துணைக் குருவாக வந்தார் ஹோசே மரியா சுவாமி. 1943-ல் ஊராரிடம் காசு திரட்டித் தொழிற் பள்ளி திறந்தார். மாணாக்கர் 20 பேரே. அதில் பயின்ற ஐந்து வாலிபர் 1956-ல் மண்ணெண்ணெய் அடுப்புச் செய்யும் தொழிற்சாலை தொடங்கினர். கையிலிருந்த பணம் போதவில்லை. ஊரார் கடன் தந்தார்கள். எதை நம்பி? காட்டுவதற்கு இலாபக் கணக்கு ஏது? இன்னார் மகன், இன்ன வீட்டில் வளர்ந்தவன் என்பதே ஈடு என்று எண்ணுகிறேன். கடையில் மிகுதியாய் வந்த சில்லறையைத் திருப்பிக் கொடுத்து வரும்படி மகனை அனுப்பும் தாய், அவனுக்கு முதல் சேர்க்கிறாள். (சொத்து எழுதி வைக்கும் தகப்பனைவிட அதிகமாகவே.)

அவ்வாலிபரும் பட்ட கடனை மறக்கவில்லை, வேலையாட்களையே பங்காளிகளாக்கினர். 2013-ல் அத்தொழிற்சாலையின் வழிவந்த கம்பெனி நொடித்தபோது, வேலையிழந்தவருள் அநேகரை அவ்வூர்க் கூட்டுறவின் மற்றச் சங்கங்கள் ஏற்றுக்கொண்டன.

நம் தெருப் பையன் ஒருவன் தையல் யந்திரம் வாங்க ஜாமீன் கேட்டால் என்ன சொல்கிறோம்? கலியாணச் சீருக்கென்றால் கேட்குமுன் கையொப்பமிடுகிறோமே!