பருத்திக் குண்டிகை

வகுப்பிலே ஓசையில்லை. ஆசிரியர் அகமகிழ்கிறார். அவ்வழியே சென்ற தலைமையாசிரியர், “வகுப்பென்றால் இதுவன்றோ வகுப்பு!” என்று வியக்கிறார். ஆனால், அந்த அமைதி எத்தகையது? ஆழ்கடலின் அமைதியா, ஆளில்லா வீட்டின் அமைதியா? கண்கள் கரும்பலகையிலே, கருத்தோ காததூரத்திலே! இதனைக் கவனமென்று கணக்கெழுதலாமா?

கவனம் சிதறினால் குற்றவாளி யார்? “மாணவனே!” என்று மறுகணமே தீர்ப்பளிக்கிறோம். 13-ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் யாத்த நன்னூல், கடை மாணாக்கரை ஓட்டைக் குடத்துக்கும், ஆட்டுக்கும், எருமைக்கும், நெய்யரிக்கும் ஒப்பிட்டது உண்மைதான். எருமை என்ற அந்த ஒரு சொல் நம் நாவிலே நன்றாக ஒட்டிக்கொண்டது! ஆனால், அதே நூல் ஆசிரியராகத் தகாதவரையும் கூண்டிலேற்றியதே, அதை ஏன் மறந்தோம்? கழற்காய் நிறைத்த குடம் என்றது அவரை. இட்ட வரிசை ஒன்று, கொட்டும் வரிசை வேறு. பருத்தி திணித்த குண்டிகை என்றது. அரும்பாடுபட்டு உள்ளே செலுத்தியது, எளிதில் வெளியே வாராது. கேட்பவன் கொள்ளும் வகையறிந்து உரைப்பதே கற்பித்தல் என்றும் வகுத்தது. துலாக்கோல் நேராகத்தான் நின்றது. நாம்தான் ஒரு தட்டைத் துணியிட்டு மூடினோம்.

“பிரம்பிருந்தால் கவனம் தானே வரும்” என்பார் உளர். வரும், பிரம்பின்மேல்! 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உடல் தண்டனையோடு உள்ளத்தை வதைப்பதையும் தடுத்தது. சட்டத்துக்கு அஞ்சிப் பிரம்பு ஒளிந்தது, ஏளனம் ஒளிந்ததா? தவறான விடை சொன்ன பிள்ளையைக் கண்டு வகுப்பு சிரிக்க, ஆசிரியரும் உடன் சிரித்தால், அன்றே அப்பிள்ளையின் வாய்க்குப் பூட்டு விழுகிறது. எழுத்தறிந்தார் எவருமில்லாத வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறியவன் அவனென்றால், அந்தப் பூட்டைத் திறப்பவர் யார்?

திறவுகோல் தொலைவில் இல்லை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளிலே ஒன்றைச் சுட்டினார். வினாத் தொடுத்த ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்தது ஏறத்தாழ ஒரே விநாடி! அதுவே 3 விநாடிக்கு மேல் நீண்டபோது விடைகள் விரிந்தன. விடையின்றி நின்ற நிலை குறைந்தது. மாணவரே வினா எழுப்பினர். பொன் வேண்டியதில்லை, பொறி வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே போதுமானதாயிற்று.

“பாடத்திட்டம் முடியவேண்டுமே!” என்பர். முடிந்தது யாருக்கு? ஏட்டுக்கா, எதிரே இருப்பவனுக்கா? ஐம்பது பிள்ளைகளோடும் ஆயிரம் அலுவல்களோடும் போராடும் ஆசிரியரின் துன்பம் அறியாததன்று. அதை நீக்குவது அரசின் கடன், சமுதாயத்தின் கடன். எனினும், கடைசி இருக்கையிலே இருப்பவனை ஒருமுறை பெயர் சொல்லி அழைத்து, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டு, மூன்று விநாடி காத்திருப்பதற்கு எந்த ஆணையும் தடையாக இல்லை.

கவனம், கட்டளையிட்டு வாங்கும் கப்பமன்று; மதிப்பவர்க்கு மனம் தரும் பரிசு. எருமை என்று சொல்ல நா எழும்போதெல்லாம், ஆசிரியப் பெருமக்களே, அந்தக் குண்டிகையையும் சற்றே எண்ணிப் பாருங்கள்!