தளர்ந்த கயிறு

நாய்க்குட்டியைக் கயிற்றில் நடத்திப் பழக்குவதைப் பற்றியும் ஒரு சிந்தனையா என்று வாசகர் புன்னகைக்கலாம். புன்னகைக்கட்டும். மேய்ப்புப் பணியில் இருப்போரும் பிள்ளை வளர்ப்போரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா ஒன்று இச்சிறு வேலைக்குள் அடங்கியிருக்கிறது. வர மறுக்கும் உயிரை நம்மோடு வரச்செய்ய நமக்கு உரிமை உண்டா? உண்டெனில், எவ்வழியில்?

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையை ஒட்டி வாழ்கிறவர்களுக்குக் கயிற்றின் தேவையை விளக்க வேண்டியதில்லை. சரக்கு லாரிகள் ஓடும் சாலையில் அவிழ்த்துவிட்ட குட்டி நெடுநாள் பிழைக்காது. ஆயினும், வீட்டுக்குள் நம் காலைச் சுற்றிச் சுற்றி வந்த அதே குட்டி, கழுத்துப்பட்டை இறுகிய கணத்தில் நான்கு கால்களையும் ஊன்றி உட்கார்ந்துவிடுகிறது. இழுத்தால் பின்வாங்குகிறது, மேலும் இழுத்தால் படுத்துவிடுகிறது. இதைப் பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறோம். நம் கையை ஒருவர் வெடுக்கென்று பிடித்திழுத்தால் நாமும் பின்வாங்கத்தானே செய்கிறோம்? அதற்குப் பெயர் பிடிவாதமன்று.

பழக்கத் தெரிந்தவர்கள் அவசரப்படுவதில்லை. முதல் சில நாள் பட்டையை மட்டும் அணிவித்து, உணவு வைக்கிறார்கள். பின்னர் இலேசான கயிற்றைக் கட்டி, கண்காணிப்பில், வீட்டுக்குள் அது பாட்டுக்கு இழுபடவிடுகிறார்கள். அதன் பிறகே மறுமுனையைக் கையில் எடுக்கிறார்கள். குட்டி உட்கார்ந்தால் இழுப்பதில்லை. இரண்டடி முன்னே சென்று, பக்கவாட்டில் குந்தி அமர்ந்து அழைக்கிறார்கள். அது எழுந்து வந்து கயிறு தளர்ந்ததும் ஒரு துண்டு பிஸ்கட். ஐந்து நிமிடம் போதும். தடுப்பூசிகள் முடியுமுன் தெருவில் இறக்குவதில்லை. நண்பகல் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு பொறுக்காவிட்டால் அழைத்துச் செல்வதுமில்லை.

தந்தை ஈர்த்தாலன்றி எவரும் தம்மிடம் வர இயலாது என்று ஆண்டவர் கூறியதை (யோவான் 6:44) விளக்கும்போது, புனித அகுஸ்தினார் இதே இடத்தைத் தொடுகிறார். ஈர்க்கப்படுகிறவன் விருப்பமின்றியா வருகிறான்? ஆட்டுக்குப் பசுங்கிளையைக் காட்டுங்கள், சிறுவனுக்குக் கொட்டைப்பருப்பைக் காட்டுங்கள், அவை ஈர்க்கப்படுவதைக் காண்பீர்கள் என்கிறார். இழுப்பது கயிறன்று, உள்ளத்தின் இன்பமே என்பது அவர் கருத்து.

அழகான விடைதான். ஆனால் அதை அப்படியே ஏற்கவிடாமல் தடுக்கிறது ஒரு நாயின் வரலாறு. இரஷ்ய அறிவியலாளர் இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் சாதுவான நாய் ஒன்று இருந்தது. சோதனை மேடையில் கட்டியதும் மட்டும் அதனால் அமைதியாக இருக்க முடியவில்லை. கட்டுண்டிருப்பதே அதன் துன்பம் என்று இறுதியில் கண்டறிந்தனர். பின்னர் அம்மேடையில் மட்டுமே அதற்கு உணவு வைத்தனர். முதலில் சிறிதளவே உண்டு மெலிந்தது. நாளடைவில் முழு உணவையும் உண்டது, அமைதியும் அடைந்தது. 1927இல் ஆங்கிலத்தில் வெளிவந்த விரிவுரைகளில் பாவ்லோவ் இதைக் கூறி, விடுதலை நாடும் இயல்பு ஒன்று உயிர்களுக்கு உண்டென்கிறார். அங்கும் அடியில்லை, இழுப்பில்லை, உணவே ஈர்த்தது. எனினும் அதை அன்பின் ஈர்ப்பு என்று நாம் சொல்லத் துணிவோமா?

ஆகவே பிஸ்கட்டா, இழுப்பா என்பதோடு வினா முடிவதில்லை. அந்த மேடை நாய்க்கு எங்கும் போவதற்கில்லை; கட்டியவருக்கு மட்டுமே அதனால் பயன். சாலையில் செல்லும் கயிற்றுக்கு இரு முனை உண்டு. குட்டி வேலியோரம் மோந்து பார்க்க நின்றால், பிடித்திருப்பவரும் நிற்க வேண்டும். லாரி இரைச்சலில் அது நடுங்கினால், வழியை மாற்ற வேண்டியவர் அவரே. தாம் சிறிதும் கட்டுப்படாமல் பிறரைக் கட்டுகிறவர், கையில் இனிப்பு வைத்திருந்தாலும், இழுக்கிறவரே என்று நமக்குத் தோன்றுகிறது. விலங்குவதைத் தடைச் சட்டமும் (1960) தன் 11ஆம் பிரிவில் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது: அளவுக்கு மீறிக் குட்டையான கயிற்றில் நெடுநேரம் கட்டுவது மட்டுமன்று, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாததும் குற்றமே. காவலுக்கென்று இராஜபாளையம் நாயை வாங்கிப் பகலெல்லாம் சங்கிலியில் வைத்திருப்போர் இதை எண்ணுவதில்லை.

அகுஸ்தினாரும் பசுங்கிளையோடு நின்றுவிடவில்லை. கி.பி. 408ஐ ஒட்டி விசென்சியுவுக்கு எழுதிய கடிதத்தில், எவரையும் வற்புறுத்தலாகாது என்ற தம் முந்தைய கருத்தை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். பேரரசின் சட்டங்களுக்கு அஞ்சித் தம் சொந்த ஊரே திருச்சபைக்குத் திரும்பியதைக் கண்டதாம். பயன் கிடைத்தது என்பதே அவரை மாற்றியது. கயிற்றை இழுத்தால் குட்டி நகரத்தான் செய்யும்; அதனால்தான் இழுப்பு இத்தனை பெரிய சோதனை. சமயத்தில் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்று வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாக அறிக்கையிடும்வரை, அக்கடிதத்தின் நிழல் நெடுந்தூரம் நீண்டிருந்தது.

மறைக்கல்விக்கு மகன் வர மறுக்கிறான், நீங்கள் கண்டித்துச் சொல்லுங்கள் என்று கேட்டு வரும் தந்தையர் உண்டு. இரவுப் பணி முடித்து ஞாயிறு காலையில் உறங்கச் செல்கிறவர்கள். அவர்களது களைப்பை நாம் அறிவோம். ஆயினும், கயிற்றின் ஒரு முனை வீட்டில் உறங்க, மறுமுனை மட்டும் கோயிலுக்கு எப்படி நடக்கும்? அப்படிக் கேட்டுவந்த ஒருவரிடம், மகனோடு மாலையில் காக்களூர் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வாருங்கள், மறைக்கல்வி பற்றி ஒன்றும் பேசவேண்டாம் என்றோம். சற்று ஏமாற்றத்தோடுதான் எழுந்தார். பிறகு இருவரையும் அக்கரையில் இரண்டொரு முறை கண்டோம். பையன் முன்னே போய்க்கொண்டிருந்தான்.