கணக்கும் சாட்சியமும்

புள்ளிவிவரம் கணக்கர்களின் காரியம், அறத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். கூட்டல் தவறினால் திருத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் அதில் என்ன பாவம் என்பது அவர்கள் வினா. ஆனால் ஓர் அரசு தன் ஏழைகளை ஆராய்ந்து, 'இவர்களுக்குப் பணம் கொடுத்தால் இன்னது நிகழும்' என்று ஓர் எண்ணை வெளியிடும்போது, அந்த எண் சாட்சியமாகிவிடுகிறது. யாரைப் பற்றிச் சாட்சி சொல்லப்படுகிறதோ அவர்கள் அவையில் இல்லை. மறுத்துப் பேச அவர்களுக்கு வழியுமில்லை. அந்நிலையில் சாட்சி கூறுவோரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது அன்றோ?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1968 முதல் 1982 வரை அரசுப் பணத்தில் நடைபெற்ற சில ஆராய்ச்சிகள் இவ்வினாவுக்கு நல்ல உரைகல். ஏழைக் குடும்பத்திற்கு ஒரு குறைந்தபட்ச வருமானத்தை அரசே உறுதி செய்வது. குடும்பத்தின் சம்பாத்தியம் உயர உயர அவ்வுதவியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்வது என்பது திட்டம். பணம் கைக்கு வந்தால் மக்கள் உழைப்பைக் கைவிடுவார்களோ என்பது ஆட்சியாளரின் அச்சம். அதனை அறியும் பொருட்டு நியூ ஜெர்சி வட்டாரத்திலும், அயோவா, வட கரோலினா மாநிலங்களின் நாட்டுப்புறங்களிலும், கேரி நகரிலும், சியாட்டில், டென்வர் நகரங்களிலும் குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. யாருக்குப் பணம், யாருக்கு இல்லை என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டால் உண்மை புலப்படும் என்பது கருத்து. சியாட்டில், டென்வர் ஆய்வில் மட்டும் ஏறத்தாழ 4,800 குடும்பங்கள் இடம்பெற்றன.

அஞ்சியவாறு எவரும் கூட்டங்கூட்டமாக வேலையைத் துறந்துவிடவில்லை. அந்தப் பெரிய ஆய்வில் கணவர்களின் உழைப்பு நேரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே குறைந்தது. மனைவியரிடம் அக்குறைவு சற்று மிகுதி. பொதுவாக இத்தகைய முடிவுகளில் ஒரு பகுதி ஐயத்திற்குரியதும்கூட. வருமானத்தைக் குறைத்துச் சொன்னால் உதவித்தொகை கூடும் என்றிருக்கையில், கேரி நகரில் பணம் பெற்றோர் பலர் அவ்வாறே சொல்லியிருந்தனர் என்பது பின்னர் வேறு பதிவேடுகளோடு ஒத்துப் பார்த்தபோது தெரியவந்தது. குறைந்தது உழைப்பா, உழைப்பைப் பற்றிய பேச்சா? கேட்ட முறையிலேயே பிழைக்கு இடமிருந்தது.

ஆயினும் அரசியலாரை உலுக்கியது இதுவன்று. குடும்பத்தைப் பற்றிய வேறோர் எண். சியாட்டில், டென்வர் ஆய்வின் விவரங்களைக் கொண்டு ஹன்னன், டூமா, க்ரோனவெல்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1977இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பணம் பெற்ற தம்பதியரிடையே மணமுறிவு கூடியிருக்கிறது என்பதே அது. வெள்ளையர், கறுப்பர் ஆகிய இரு சாராரிடமும் அவ்வுயர்வு 50 விழுக்காட்டிற்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. உத்தரவாத வருமானத்திற்காக நெடுங்காலம் வாதாடியவரும், 1969இல் அதிபர் நிக்சன் கொண்டுவந்த திட்டத்தை வகுத்தவர்களுள் ஒருவருமான செனட்டர் மொய்னிஹன், தம் பழைய நம்பிக்கை பிழையாகிவிட்டது என்று 1978இல் வெளிப்படையாகவே கூறினார். அதிபர் கார்ட்டர் முன்வைத்திருந்த சீர்திருத்தமும் அக்காலத்திலேயே மடிந்தது. அதற்கு வேறு காரணங்களும் எதிரிகளும் நிரம்ப உண்டு; பழி முழுவதையும் இந்த எண்ணின் மேல் ஏற்றுவது நியாயமன்று. ஆனால் 'ஏழைக்கு உதவினால் அவன் குடும்பம் சிதறும்' என்ற சொல் நாட்டில் நிலைத்துவிட்டது.

அந்த எண்ணைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். குறைந்த தொகை பெற்றவர்களிடையே பிரிவு மிகுந்தது. மிகுந்த தொகை பெற்றவர்களிடையே அத்தனை வேறுபாடு காணப்படவில்லை. பணம்தான் இல்லறத்தை உடைக்கிறது என்றால் கூடுதல் பணம் கூடுதலாக அன்றோ உடைக்க வேண்டும்? ஆய்வாளர்கள் இதற்கொரு விளக்கம் தந்தனர். விளக்கம் கிடைக்காத எண் உலகில் ஏது? மேலும், அக்குடும்பங்களில் பலவற்றிற்குப் பணத்தோடு வேலைப் பயிற்சியும் ஆலோசனையும் சேர்த்தே வழங்கப்பட்டிருந்தன. மருந்து இரண்டைக் கலந்து கொடுத்துவிட்டு, வந்த விளைவை ஒன்றன் பெயரில் எழுதுவது எப்படிப் பொருந்தும்? 1990இல் கேன், விஸோக்கர் என்ற இருவர் இவ்விவரங்களை மீண்டும் ஆராய்ந்தனர். பயிற்சியின் விளைவைத் தனியே பிரித்து, பிள்ளைகளுள்ள குடும்பங்களை நோக்கினால், பணத்தினால் மணமுறிவு கூடியது என்று சொல்ல ஆதாரமில்லை என்பது அவர்கள் முடிவு. முதல் ஆய்வாளர்களுள் இருவர் அதே இதழில் அதனை மறுத்தும் எழுதினர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிரிவு என்று எண்ணப்பட்ட ஒவ்வொன்றும் கேடுதானா? கையில் காசின்றிக் கொடுமையைச் சகித்திருந்த ஒருத்தி, காசு வந்ததும் பிள்ளைகளோடு வெளியேறியிருந்தால், கணக்கேட்டில் அதுவும் ஒரு 'சிதைந்த குடும்பமே'. எண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது; எண்ணைக் கையாளுவோர்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே எவரும் பொய் சொல்லவில்லை. அதனாலேயே இந்நிகழ்ச்சி சிந்திக்கத் தக்கது. பொய் சொல்லாதிருப்பது மட்டும் வாய்மையாகிவிடுமா? உழைப்பைப் பற்றிய கேள்விக்காக அமைக்கப்பட்ட ஆய்வு அது. வேறொன்றுக்காக விரித்த வலையில் சிக்கிய மீனைக் காட்டும்போது, அது எவ்வாறு சிக்கியது என்பதையும் அதே குரலில் சொல்வது கடமை. ஆய்வறிக்கையின் உட்பக்கங்களில் எச்சரிக்கை இருக்கலாம். மன்றத்தை எட்டுவதோ எண் மட்டுமே.

வழியில்லாமலில்லை. நம் நாட்டில் பேராசிரியர் மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் விளைச்சலைக் கணக்கிட்ட காலத்திலேயே ஒரு முறையைக் கண்டார்: ஒரே பரப்பிற்கு இரு தனித்தனிக் குழுவினரைத் தனித்தனி மாதிரிகளோடு அனுப்புவது. இருவர் கணக்கும் எவ்வளவு விலகுகிறதோ, அதைக்கொண்டு பிழையின் அளவு தெரிந்துவிடும். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்விலும் அம்முறை கைக்கொள்ளப்பட்டது. இரு சாட்சிகளைக் கேட்டுப் பழகிய சமுதாயத்திற்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. எதைத் தேடப் போகிறோம், எவ்வாறு கணக்கிடுவோம் என்பதை ஆய்வு தொடங்குமுன்னரே எழுதிப் பதிவு செய்யும் வழக்கமும் பரவி வருகிறது; அமெரிக்கப் பொருளியலாளர் சங்கம் அதற்கெனவே 2013இல் ஒரு பதிவேட்டைத் திறந்தது. கிடைத்ததையெல்லாம் பின்னர் 'இதைத்தான் தேடினோம்' என்று சொல்வதற்கு இது ஒரு தடை.

இத்தனை நுணுக்கம் எதற்கு, அந்தச் செலவில் பத்துக் குடும்பங்களுக்குச் சோறு போடலாமே என்று கேட்போர் உண்டு. இரக்கத்தில் பிறந்த கேள்விதான். ஆனால் சியாட்டிலிலும் டென்வரிலும் பணம் பெறாத குழுவிலிருந்த குடும்பங்கள், ஆண்டுக்கணக்கில் தம் வீட்டு வரவுசெலவையும் தாம்பத்தியத்தையும் அந்நியர்களிடம் திறந்து சொல்லின. அது அரசின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக்கொண்டு முதலில் ஒரு முடிவு சொல்லப்பட்டது. மறு கணக்கு வெளிவரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. அப்போது அத்திட்டம் எந்த அவையின் முன்னும் இல்லை.