தடுத்தாட்கொள்ளுதல்

தடுத்தாட்கொள்ளுதல் என்பது சைவர் வழக்கில் உள்ள சொல். ஓர் உயிர் ஆசையோடு போகும் வழியில் இறைவன் குறுக்கே நின்று, அந்தத் தடையாலேயே அதை ஏற்றுக்கொள்வதை அது குறிக்கும். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், சுந்தரர் வரலாற்றின் தொடக்கத்துக்குத் தடுத்தாட்கொண்ட புராணம் என்றே பெயரிட்டார்.

திருநாவலூர்ச் சுந்தரருக்கும் புத்தூர்ச் சடங்கவியாரின் மகளுக்கும் திருமணம். சடங்கு தொடங்கும் வேளையில் தடியூன்றி வந்த முதிய அந்தணர் ஒருவர், மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் அவரைப் பித்தர் என்று ஏசுகிறார், விரட்டிப் பிடித்து ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். முதியவர் அசரவில்லை. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்று வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குக் கொண்டுபோகிறார். அவையோர் பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், எழுத்து ஒத்துப்போகிறது. மணக்கோலம் கலையாமலே சுந்தரர் தோற்றுப்போகிறார். வீடு எங்கே என்று கேட்டவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்த முதியவர், அருட்டுறைக் கோயிலுக்குள் புகுந்து மறைகிறார்.

இழப்புக்கு ஈடாகப் பின்னால் ஏதோ கிடைத்தது என்று இதைப் படித்தால் பொருள் தவறிவிடும். வம்புக்கு வந்தவராகத் தெரிந்தவரே தேடிவந்தவர். தடை வேறு, அருள் வேறு அல்ல. சைவ சித்தாந்தம் இதை மறக்கருணை என்னும். பெற்றோர் பிள்ளையை அடிப்பதும் பரிவே என்ற உவமையால் 13ஆம் நூற்றாண்டின் சிவஞான சித்தியார் இதை விளக்குகிறது. இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலும் ஒன்றாக எண்ணப்படுவது இதனால்தான்.

இல்லறம் குற்றம் என்பதாலும் திருமணம் தடுக்கப்படவில்லை. அதே சுந்தரருக்குப் பின்னர் பரவையாரையும் சங்கிலியாரையும் மணமுடித்து வைப்பவன் சிவபெருமானே. தடைக்குக் காரணம் முற்பிறவியில் இருக்கிறது. கயிலையிலிருந்து மண்ணுக்கு வரும்போது, மயங்கினால் தடுத்து ஆண்டருள வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் சுந்தரர்தான். வேண்டியவர் மறந்துவிட்டார், கேட்டவன் மறக்கவில்லை. புராணத்திலேயே மிக நுட்பமான இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஏசிய அந்தப் பித்தன் என்ற சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி இறைவன் பணிக்க, முதல் பதிகம் பிறக்கிறது. ஆளல்லேன் என்று மறுத்ததற்கு அது பாட்டுக்குப் பாட்டு இரங்குகிறது. சுந்தரர் பாடிய ஏழாம் திருமுறையின் 100 பதிகங்களும் அந்தத் தோல்விக்குப் பின் வந்தவை. அவற்றுள் 11 பாடல்கள் கொண்ட திருத்தொண்டத்தொகை, அடியார்களைப் பெயர் சொல்லி வணங்கியது. பெரியபுராணத்துக்கே அடித்தளம் ஆனது.

ஆனால் பந்தலில் இன்னொருவரும் இருந்தார். சடங்கவியாரின் மகள் எதையும் வேண்டிக்கொண்டவரல்லர். அவர் பெயரைக்கூடப் புராணம் சொல்லவில்லை. தடையை அருள் என்று சொல்லும் உரிமை அதை அனுபவித்துத் திரும்பிப் பார்ப்பவருக்கே உண்டு. அடுத்தவர் இழப்பைக் காட்டி அப்படிச் சொல்வது கொடுமை. சேக்கிழாருக்கு அந்தப் பெண்ணின் நினைவு இருந்திருக்கிறது. மணம் நின்ற நாள் முதல் சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகத்தை எளிதில் அடைந்தார் என்று சுருக்கமாகப் பாடிவிட்டு, சுந்தரர் கதையைத் தொடர்கிறார்.