எல்லைக்கோட்டின் மேல் குடியிருப்பவர்கள்

இந்தியாவும் மியான்மரும் 1,643 கிலோமீட்டர் எல்லையைப் பகிர்ந்துகொள்கின்றன. பெரும்பகுதி காடும் செங்குத்து மலையும். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலையே காணாமல் போகும். நாகாலாந்தின் லோங்வா கிராமத்தில் ஊர்த்தலைவரின் வீட்டுக்குள்ளேயே எல்லை ஓடுகிறது. மிசோரத்தின் ஒரு பகுதியில் தியாவ் ஆறுதான் எல்லை. தண்ணீர் வற்றும் மாதங்களில் இறங்கி நடந்தே அக்கரை போய்விடலாம். மிசோ மக்கள் புனிதமாகப் போற்றும் ரி தில் ஏரி இருப்பது மியான்மர் பக்கம். 1967ஆம் ஆண்டு எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். கோட்டின் மேல் குடியிருந்தவர்கள் அதில் ஒரு தரப்பே அல்ல. இன்று அந்த எல்லையைக் காக்க இரு நாடுகளும் கைகோக்கும்போதும் அவர்களை ஒரு தரப்பாகச் சேர்க்காவிட்டால், அந்த ஒத்துழைப்பு நியாயமானதும் ஆகாது, பலன் தருவதும் ஆகாது.

எல்லையின் இருபுறமும் 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் போய்வரும் உரிமை மலைமக்களுக்கு இருந்தது. கல்யாணம், சாவு, சந்தை எல்லாம் அதை நம்பித்தான் நடந்தன. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நீக்குவதாகவும் எல்லை முழுக்க வேலி போடுவதாகவும் அறிவித்தது. சில வாரங்களுக்குள் மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் இரண்டும் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. போதைப்பொருளும் ஆயுதமும் இவ்வழியே வருகின்றனவே, 2023 மே மாதம் தொடங்கிய மணிப்பூர்க் கலவரத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்களே என்று கேட்பவர்களின் கவலை உண்மையானது. அந்த உயிர்களுக்கு அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதே ஏற்பாடு நடப்பில் இருந்த மிசோரத்தில் அப்படியொரு கலவரம் மூளவில்லையே! திறந்த எல்லை மட்டுமே காரணம் என்றால் அங்கும் பற்றியிருக்க வேண்டும். 2019இல் இரு ராணுவங்களும் தத்தம் மண்ணில் நின்று, ஒரே நேரத்தில் ஆயுதக் குழுக்களின் முகாம்களைத் தாக்கின. எல்லை நெடுக வேலி இல்லாமலேதான் அதைச் செய்தார்கள். அத்தகைய வேலைக்குத் தேவை நம்பகமான தகவல். காட்டுப் பாதையில் புது ஆள் நடமாடினால் முதலில் கண்ணில் படுவது கிராமத்தாருக்குத்தான். உறவினர் வீட்டுச் சாவுக்குப் போகவிடாமல் தடுத்த அரசிடம் அவர்கள் ஏன் வந்து சொல்ல வேண்டும்?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: எல்லைக் காவல் அரசுக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம், ஊர்களைக் கேட்டு நடத்த முடியாது என்பது. அக்கரையில் எந்த அரசு? 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மியான்மரின் சின் மாநிலத்தின் பெரும்பகுதி ராணுவத்தின் கையைவிட்டு நழுவியது. 2023 நவம்பரில் சின் படைகளிடம் தோற்று மிசோரத்துக்குள் ஓடிவந்த மியான்மர் சிப்பாய்களை இந்தியா பத்திரமாக நாடு திருப்பி அனுப்பியது. அது சரியான செயல். ஆனால் அந்த ராணுவத்துக்கு அஞ்சி ஓடிவந்த குடிமக்களை உள்ளே விடாமல் தடுக்கச் சொல்லி 2021 மார்ச்சில் எல்லை மாநிலங்களுக்கு உள்துறை எழுதியது. மிசோரம் மறுத்து அவர்களுக்குச் சோறும் கூரையும் கொடுத்தது. ஒத்துழைப்பு என்ற பெயரில் அகதியை அவர் யாருக்கு அஞ்சி வந்தாரோ அவரிடமே ஒப்படைப்பது எந்த ஒப்பந்தத்தாலும் நியாயமாகாது. மணிப்பூரின் மோரேயில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பர்மாவிலிருந்து வெளியேற நேர்ந்தவர்களின் வழிவந்தவை. எல்லை மூடிக்கொண்டால் மனிதருக்கு என்ன ஆகும் என்பதை அவர்களிடம் கேட்கலாம். ஆகவே வேலிக்கு அடுத்த கம்பம் நடும் முன்பு அந்தந்தக் கிராம மன்றத்தின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். வயலுக்கும் சந்தைக்கும் போக ஊரே சான்றளிக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். உயிர் பிழைக்க வருபவரைத் திருப்பி அனுப்புவதில்லை என்ற உறுதிமொழியும் சட்டமாக வேண்டும்.